முழங்கால் மாற்றும் கை எப்படிப் பழகுகிறது

மயிலாப்பூரிலோ அடையாறிலோ அறுபதைத் தாண்டியவர்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு சீக்கிரமே முழங்காலுக்கு வந்துவிடுகிறது. யாருக்கு எந்த டாக்டர் ஆபரேஷன் செய்தார், எவ்வளவு செலவானது, மாடிப்படி ஏற முடிகிறதா, கோவிலில் சம்மணமிட்டு உட்கார முடிகிறதா என்று விசாரணை நீளும். கடைசியில், "அவர் கைராசிக்காரரா?" என்று யாராவது கேட்பார்கள். நியாயமான கேள்விதான். மூட்டு மாற்று நிபுணர் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும்போது தி.நகர் குடும்பம் ஒன்றின் கையில் இருக்கிற தகவல் பெரும்பாலும் அவ்வளவுதான். அந்தக் கை எங்கே பழகியது, எத்தனை வருடம் பழகியது, சரியாகத்தான் பழகியிருக்கிறது என்று அந்த டாக்டருக்கே எப்படித் தெரிகிறது என்பதையெல்லாம் நாம் பேசுவதில்லை.

முதலில் மூட்டைப் பார்த்துவிடலாம். தொடை எலும்பின் கீழ்முனையும் கீழ்க்கால் எலும்பின் மேல்முனையும் சந்திக்கிற இடத்தில் இரண்டு பக்கமும் வழவழப்பான குருத்தெலும்பு போர்த்தியிருக்கிறது. கனம் சில மில்லிமீட்டர்தான். அதற்கு ரத்தக் குழாய் கிடையாது, நரம்பும் கிடையாது. ரத்தம் போகாததால் தேய்ந்தது மறுபடி வளர்வதில்லை. நரம்பு இல்லாததால் தேயத் தொடங்குகிற வருடங்களில் அது வலித்துச் சொல்வதுமில்லை. சமதரையில் நடக்கும்போதே ஒவ்வோர் அடிக்கும் முழங்கால் மேல் உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு விசை விழுகிறது. எழுபது கிலோ மனிதருக்கு அது நூற்றைம்பது, இருநூறு கிலோ. படி இறங்கினால் இன்னும் கூடும். இப்படி வருடத்துக்குப் பத்து லட்சம் அடிக்கு மேல். நம் ஊரில் பலருக்கு உள்பக்கம்தான் முதலில் தேய்கிறது. அதனால் கால் வெளிப்பக்கமாக வளைகிறது. வளைந்த காலில் எடை மேலும் உள்பக்கமே விழ, தேய்மானம் வேகம் பிடிக்கிறது. லஸ் நாகேஸ்வரராவ் பூங்காவில் காலை நடைக்கு வருகிறவர்களில், அடிக்கு அடி உடம்பைப் பக்கவாட்டில் சாய்த்து நடப்பவர்கள் இந்தச் சுழலில் அகப்பட்டவர்கள்.

மூட்டு மாற்று என்றதும் மூட்டையே வெட்டி எடுத்துவிட்டு வேறொன்றைப் பொருத்துகிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். முழங்காலில் நடப்பது அதைவிடச் சிறியது, அதைவிட நுட்பமானது. இரு எலும்பு முனைகளிலும் சுமார் ஒரு சென்டிமீட்டர் கனத்துக்குச் சீவி எடுக்கிறார்கள். தொடை எலும்புக்குக் கோபால்ட்-குரோமியம் உலோகத்தில் ஓர் உறை, கீழ்க்கால் எலும்புக்கு ஓர் உலோகத் தட்டு, இரண்டுக்கும் நடுவே பாலிஎத்திலீன் பிளாஸ்டிக். பக்கத்துக்கு ஒன்றாக இருக்கும் இணைப்பு நார்கள் நோயாளியுடையவையே. தசையும் அவருடையதே. புது மூட்டு நிற்பதும் ஆடுவதும் அந்தப் பழைய நார்களை நம்பித்தான். டாக்டரின் திறமையும் அங்கேதான் சோதிக்கப்படுகிறது.

அந்த இடத்துக்கு வந்து சேரும் பாதை நீளம். எம்.பி.பி.எஸ். நாலரை வருடம், அதன் பின் ஒரு வருடம் சி.ஆர்.ஆர்.ஐ. எனும் கட்டாயப் பயிற்சி. பிறகு முதுநிலை நீட் எழுதி, எலும்பு மருத்துவத்தில் எம்.எஸ். அல்லது டி.என்.பி., மூன்று வருடம். தமிழ்நாட்டில் இன்னொரு வழியும் உண்டு. அரசுப் பணியில் சேர்ந்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் சில வருடம் வேலை பார்த்துவிட்டு, மாநில ஒதுக்கீட்டு முதுநிலை இடங்களில் அரசு மருத்துவர்களுக்கென இருக்கும் 50 சதவீதத்தில் போட்டியிடலாம். பாம்புக் கடியும் பிரசவமும் பார்த்துவிட்டு எலும்புக்கு வருகிற இவர்கள், நோயாளியின் வீட்டுச் சூழலைக் கேட்டறியாமல் கத்தியை எடுப்பதில்லை என்பது என் எண்ணம். வீட்டில் மேற்கத்திய பாணிக் கழிப்பறை இருக்கிறதா என்ற ஒரு கேள்விக்கு முழங்கால் சிகிச்சையில் எக்ஸ்ரேக்கு நிகரான இடம் உண்டு.

எம்.எஸ். படிக்கும் மூன்று வருடத்தில் மூட்டு மாற்று ஓரமாகத்தான் வரும். ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையிலும் ராயப்பேட்டை அரசு மருத்துவமனையிலும் பி.ஜி. டாக்டரின் இரவுகள் இருசக்கர வாகன விபத்துகளில் கழிகின்றன. உடைந்ததை இழுத்து நேராக்குவது, மாவுக்கட்டு போடுவது, ஆணி அடிப்பது, பிளேட் வைத்து ஸ்க்ரூ முடுக்குவது. புத்தூர் கட்டுப் போட்டுக்கொண்டு, எலும்பு கோணலாகக் கூடிய பிறகு வருகிறவர்களும் உண்டு. இதெல்லாம் மூட்டு மாற்றுக்குச் சம்பந்தமில்லாத வேலை போலத் தெரியும். ஆனால் எலும்பு எவ்வளவு அழுத்தம் தாங்கும், வயதானவரின் எலும்பு வாளுக்கு எப்படி நெகிழ்கிறது, ரத்தம் எங்கிருந்து வருகிறது என்பதைக் கை இங்கேதான் கற்றுக்கொள்கிறது. மூட்டு மாற்றுத் தியேட்டரில் அவர் முதலில் செய்வது ரிட்ராக்டரைப் பிடித்துக்கொண்டு நிற்பது. தசையையும் நாரையும் ஒதுக்கிப் பிடிக்கிற அந்த இரும்புக் கொக்கி சற்று நழுவினாலும் வாள் தவறான இடத்தில் இறங்கும். கீழ்க்கால் எலும்பின் மேல்முனையைச் சீவும்போது காலின் பெரிய ரத்தக் குழாய் அதற்குச் சற்றுப் பின்னால்தான் ஓடுகிறது. பிடித்துக்கொண்டு நிற்கிற அந்த மணி நேரங்களில் இந்த இடங்களெல்லாம் மனப்பாடமாகின்றன.

எம்.எஸ். முடித்தவர் சட்டப்படி எலும்பு மருத்துவர். ஆனால் மூட்டு மாற்றில் அவர் இன்னும் மாணவர். அடுத்து ஃபெலோஷிப். மூட்டு மாற்று நிறைய நடக்கும் மருத்துவமனை ஒன்றில் மூத்த நிபுணரின் பக்கத்திலேயே ஒன்றிரண்டு வருடம் இருக்க வேண்டும். முன்பு இங்கிலாந்துக்குப் போவார்கள். இந்திய எலும்பு மருத்துவத்தின் முன்னோடிகளில் பலர் லிவர்பூலில் எம்.சிஎச். வாங்கி வந்தவர்கள். இன்று அந்தப் பயிற்சிக்குப் போதுமான எண்ணிக்கையில் ஆபரேஷன்கள் சென்னையிலேயே நடக்கின்றன. பிளாஸ்டிக் எலும்புகளிலும் பதப்படுத்திய உடல்களிலும் பழகி, ஆபரேஷனின் ஒரு பகுதியை மட்டும் செய்து, பிறகு ஆசிரியர் எதிரில் நிற்க முழுவதையும் செய்து, ஒருவர் தனியாக நிற்கும்போது வயது முப்பதைத் தாண்டி நன்றாகவே ஓடியிருக்கும்.

இத்தனை வருடத்தில் அவர் கற்க வேண்டிய மையமான விஷயம் இடைவெளிக் கணக்கு. காலை நீட்டி வைத்தால் சீவிய இரு எலும்புகளுக்கும் நடுவே ஓர் இடைவெளி கிடைக்கும். முழங்காலை 90 டிகிரி மடக்கினால் இன்னோர் இடைவெளி. இரண்டும் ஒரே உயரம் இருக்க வேண்டும், இரண்டும் செவ்வகமாக இருக்க வேண்டும். நீட்டும்போது இறுக்கமாக இருந்தால் கால் முழுக்க நிமிராது. மடக்கும்போது இறுக்கமாக இருந்தால் நாற்காலியில் உட்கார்ந்து எழுவதே பாடாகும். மடக்கும்போது தளர்ந்திருந்தால் படி இறங்குகையில் கால் தன் கட்டுப்பாட்டில் இல்லாதது போல நோயாளி பயப்படுவார். எங்கே சீவினால் எது மாறும் என்பதற்கு ஒழுங்கு உண்டு. தொடை எலும்பின் கீழ்முனையில் கூடுதலாகச் சீவினால் நீட்டும் இடைவெளி மட்டும் கூடும். தொடை எலும்பு உறையின் அளவைக் குறைத்தால் மடக்கும் இடைவெளி மட்டும் கூடும். கீழ்க்கால் எலும்பில் சீவினால் இரண்டுமே கூடும். இந்த மூன்றையும் மனதில் வைத்து, இடைவெளியில் அளவுக் கட்டையைச் செருகி, காலை இருபக்கமும் அசைத்து, கையால் உணர்ந்து பார்க்கிறார்கள்.

வளைந்த காலில் இது இன்னும் சிக்கல். உள்பக்க நார் பல வருடமாகச் சுருங்கிக் கிடக்கிறது, வெளிப்பக்க நார் இழுபட்டுத் தளர்ந்திருக்கிறது. மிருதங்கத்துக்குச் சுருதி சேர்க்கிறவர் சுற்றிலும் தட்டித் தட்டி, எங்கே நாதம் தாழ்கிறதோ அங்கே மட்டும் வாரை இறுக்குவதைக் கச்சேரி மேடையில் பார்த்திருப்பீர்கள். அதைப் போலத்தான் இருபக்க நார்களின் இழுவிசையைச் சமப்படுத்துகிறார்கள். ஆனால் இங்கே இறுக்க வழியில்லை, இறுகியதைத் தளர்த்த மட்டுமே முடியும். அதனால் அனுபவசாலி முதலில் நாரைத் தொடுவதில்லை. தேய்ந்த மூட்டின் ஓரத்தில் முளைத்திருக்கும் எலும்பு முள்ளை எடுக்கிறார். நாரை முட்டுக் கொடுத்து விறைப்பாக வைத்திருந்தது பல நேரம் அதுதான். எடுத்துவிட்டு மறுபடி சோதிக்கிறார். தேவைப்பட்டால் எலும்பிலிருந்து நாரைக் கொஞ்சம் விடுவிக்கிறார், மறுபடி சோதிக்கிறார். அளவுக்கு மீறி விடுவித்த நாரைப் பழையபடி கொண்டுவருவது மிகக் கடினம். எதை எப்போது நிறுத்துவது என்று புத்தகம் ஓரளவுக்குத்தான் சொல்லும். மூத்தவரின் கை மேல் தன் கையை வைத்து, இந்த அளவு அசைவு சரி, இது கூடுதல் என்று பழகுவதைத் தவிர அதற்கு வழி இல்லை.

அடுத்து சிமென்ட். பொடியையும் திரவத்தையும் கலக்கிற கணத்தில் மூக்கைத் துளைக்கும் வாடை தியேட்டரில் பரவும். அது அக்ரிலிக் வகைப் பொருள். கலந்ததும் நீர்த்திருக்கும், பிறகு பிசுபிசுக்கும், பிறகு மாவுப் பதம் வரும். கையுறையில் ஒட்டாமல் வருகிற நேரத்தில்தான் வைக்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் சூடாகிக் கல்லாக இறுகிவிடும். அறை சூடாக இருந்தால் இன்னும் சீக்கிரம். சென்னையில் தியேட்டர் ஏ.சி. சரியாக வேலை செய்யாத அன்று இது டாக்டருக்குத் தெரியும். சிஸ்டர் நிமிடத்தைச் சொல்லிக்கொண்டே இருப்பார். எலும்பு சிமென்ட் பசையல்ல. எலும்பின் நுண்துளைகளுக்குள் அழுத்தி நுழைத்து, அங்கே இறுகிப் பிடித்துக்கொள்ளச் செய்வதுதான் அதன் தந்திரம். அதனால் எலும்பை ரத்தமின்றிக் கழுவி உலர்த்தியிருக்க வேண்டும். உறை சற்றுக் கோணலாகப் பதிந்து இறுகிவிட்டால் உளிதான் கதி.

இந்தச் சிமென்டை இடுப்பு மூட்டு மாற்றில் நிலைநிறுத்தியவர் ஜான் சார்ன்லி. இங்கிலாந்தில் லங்காஷயரின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் வேலை பார்த்தவர். மூட்டு மாற்று மருத்துவர் என்றால் யார் என்பதை அவர் கதைதான் எனக்குச் சரியாகச் சொல்கிறது. 1950களின் கடைசியில் அவர் இடுப்புக் கிண்ணத்துக்கு டெஃப்லான் பயன்படுத்தினார். சுமார் 300 பேருக்குச் செய்தார். ஆரம்பத்தில் எல்லோரும் வலியின்றி நடந்தார்கள். சில வருடத்தில் டெஃப்லான் தேய்ந்து, அதன் துகள்கள் சுற்றிலும் உள்ள திசுவை நாசப்படுத்தின. அவரே ஒவ்வொருவராகத் திரும்ப அழைத்து மறு ஆபரேஷன் செய்தார். 1962-ல் அவருடைய பட்டறைக்காரர் ஹாரி கிரேவனிடம் ஒரு விற்பனையாளர் பாலிஎத்திலீன் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். சோதனை இயந்திரத்தில் அது டெஃப்லானைவிட மிக மெதுவாகத் தேய்ந்தது. சார்ன்லி இரண்டு பொருளையும் தன் தொடைக்குள்ளேயே வைத்துப் பார்த்தார். அந்த வருடம் நவம்பரில் பாலிஎத்திலீன் கிண்ணத்துடன் முதல் ஆபரேஷன். அதன் வழிவந்ததைத்தான் இன்றும் உலகம் பயன்படுத்துகிறது. ஆனால் அவர் உடனே அதை விற்கவிடவில்லை. ரைட்டிங்டனுக்கு வந்து பயிற்சி பெற்ற டாக்டர்களுக்கு மட்டுமே கொடுக்க வேண்டும் என்று தயாரிப்பு நிறுவனத்தைப் பல வருடம் கட்டுப்படுத்தி வைத்திருந்தார். இறந்த பின் மூட்டை எடுத்துப் பார்க்க நோயாளிகளிடம் முன்கூட்டியே சம்மதம் வாங்கினார். தான் செய்தது என்ன ஆனது என்று கடைசி வரை தெரிந்துகொள்ளத் துடித்த மனிதர் அவர்.

முழங்காலுக்கு வருவோம். 1974 வாக்கில் நியூயார்க்கில் ஜான் இன்சால், பீட்டர் வாக்கர் ஆகியோருடன் சேர்ந்து இன்றைய செயற்கை முழங்காலின் வடிவத்துக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர் மத்தியப் பிரதேசத்தில் பிறந்த சித்தரஞ்சன் ராணாவத். 2000-ல் மும்பை பிரீச் கேண்டி மருத்துவமனையில் பிரதமர் வாஜ்பாயின் இடது முழங்காலையும், 2001-ல் வலது முழங்காலையும் மாற்றியவர் அவர்தான். அந்தச் செய்தி வந்த பிறகுதான் நம் ஊர்ப் பாட்டிமார்களும் துணிந்தார்கள்.

மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் எலும்பு மருத்துவத்தை வளர்த்த முன்னோடி பேராசிரியர் எம். நடராஜன். அவர் மகன் மயில்வாகனன் நடராஜன், முழங்கால் பக்கத்தில் எலும்புப் புற்றுநோய் வந்த இளைஞர்களுக்குக் காலை எடுப்பதற்குப் பதிலாக, புற்று பிடித்த எலும்பை மூட்டோடு சேர்த்து எடுத்துவிட்டு அவரவர் அளவுக்குச் செய்த நீண்ட உலோக மூட்டைப் பொருத்தினார். வெளிநாட்டுச் சாதனத்தின் விலை அரசு மருத்துவமனை நோயாளிக்கு எட்டாது. அதனால் எக்ஸ்ரே அளவை வைத்து இங்கேயே செய்யவைத்தார். மூட்டு மாற்று பணக்கார வைத்தியம் மட்டும் அல்ல என்பதற்கு சென்னை கொடுத்த நல்ல பதில் இது. 1999-ல் டாக்டர் பி.வி.ஏ. மோகன்தாஸ் மணப்பாக்கத்தில் மியாட் மருத்துவமனையைத் தொடங்கினார். இடுப்பில் எலும்பை அதிகம் வெட்டாமல் உலோகத் தொப்பி மட்டும் போடும் பர்மிங்ஹாம் முறையை டாக்டர் விஜய் போஸ் சென்னையில் செய்துவந்தார். அமெரிக்காவில் 2006 மே மாதம் வரை அதற்கு அனுமதி இல்லாததால் அமெரிக்கர்கள் அதைச் செய்துகொள்ள விமானம் ஏறி இங்கே வந்தார்கள்.

அதே உலோகத்தோடு உலோகம் உரசும் வகையில் இன்னொரு நிறுவனம் கொண்டுவந்த ஏ.எஸ்.ஆர். என்ற இடுப்பு மூட்டின் கதை வேறு மாதிரி முடிந்தது. அதன் வடிவத்தில் இருந்த குறையால் கோபால்ட், குரோமியம் துகள்கள் ரத்தத்திலும் திசுவிலும் சேர்ந்தன. 2010 ஆகஸ்டில் உலகம் முழுக்கத் திரும்பப் பெறப்பட்டபோது சுமார் 93,000 பேருக்குப் பொருத்தியிருந்தார்கள், இந்தியாவில் சுமார் 4,700 பேர். அபாயத்தைப் பெரிய மேதை யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஆஸ்திரேலியாவில் 1999 முதல், பொருத்தும் மூட்டுகளையும் மறுபடி ஆபரேஷன் செய்ய நேர்ந்தவற்றையும் பதிவேட்டில் எழுதி வருகிறார்கள். அந்த எண்களில் இந்த மூட்டு தனியாகத் துருத்திக்கொண்டு தெரிந்தது. சுவீடன் முழங்காலுக்கு 1975-லேயே இப்படி ஒன்றைத் தொடங்கிவிட்டது. இந்தியாவில் மூட்டு மருத்துவர் சங்கத்தின் தன்னார்வப் பதிவேடு உண்டு, கட்டாயப் பதிவேடு இல்லை. ஏ.எஸ்.ஆர். பொருத்திக்கொண்டவர்களுக்கு இழப்பீடு என்று அரசு சொன்னபோது, அவர்களில் பெரும்பாலோர் எங்கே இருக்கிறார்கள் என்றே கண்டுபிடிக்க முடியவில்லை.

பதிவேடு டாக்டரின் பயிற்சிக்கும் இன்றியமையாதது. முழங்கால் மாற்றியவர்களில் சுமார் 82 சதவீதம் பேருக்கு அது 25 வருடம் நிற்கிறது என்று 2019-ல் லான்செட் இதழில் வந்த ஆய்வு சொல்கிறது. நல்ல செய்தி. ஆனால் இதன் மறுபக்கம், முப்பத்தைந்து வயதில் ஒரு டாக்டர் செய்த தவறு அவருக்கு ஐம்பது வயதில்தான் தெரியவரும் என்பது. அதற்குள் நோயாளி அமெரிக்காவில் மகன் வீட்டுக்குப் போயிருப்பார், அல்லது அதிருப்தியில் வேறு டாக்டரிடம் போயிருப்பார். திரும்பி வந்து பாராட்டுகிறவர்களை மட்டுமே பார்க்கிற டாக்டர் தன் கை சரியாகப் பழகிவிட்டது என்று நம்பிவிடுவார். முழங்கால் மாற்றியவர்களில் ஐந்தில் ஒருவர் வரை முழுத் திருப்தி அடைவதில்லை என்று வெளிநாட்டு ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. அந்த ஐந்தாவது ஆள் யார், ஏன் என்று தேடிப் போவதுதான் எம்.எஸ்.ஸுக்கும் ஃபெலோஷிப்புக்கும் பிறகு வருகிற உண்மையான படிப்பு. அந்தப் படிப்புக்கு நம் நாட்டில் இன்னும் வகுப்பறை கட்டவில்லை. அரசு கட்டாயப் பதிவேடு கொண்டுவர வேண்டும். 2017 ஆகஸ்டில் முழங்கால் சாதனத்துக்கு உச்சவரம்பு வைத்து, அதிகம் பயன்படும் கோபால்ட்-குரோமியம் வகையின் விலையை 1,58,324 ரூபாயிலிருந்து 54,720 ரூபாய்க்குக் கொண்டுவரத் துணிந்த அரசுக்கு இது முடியாத காரியமே அல்ல.

ரோபோ பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். எலும்பைத் திட்டமிட்ட கோணத்தில் துல்லியமாகச் சீவ அது உதவுகிறது, இடைவெளியை எண்ணாகவும் காட்டுகிறது. எந்த எண் இந்த நோயாளிக்குச் சரி என்பதும், இவருக்கு ஆபரேஷனே வேண்டுமா என்பதும் டாக்டரின் தலையில்தான். எக்ஸ்ரே மோசமாக இருந்தும் வலி குறைவாக இருப்பவருக்கு, தொடைத் தசைக்குப் பயிற்சி செய்யுங்கள், எடையைக் குறையுங்கள், அடுத்த வருடம் பார்ப்போம் என்று திருப்பி அனுப்புகிறவர் நல்ல பயிற்சி பெற்றவர் என்று நம்பலாம்.

ஆகவே டாக்டரிடம் போகும்போது கைராசியோடு சில கேள்விகளையும் எடுத்துச் செல்லுங்கள். வருடத்துக்கு எத்தனை மூட்டு மாற்றுகிறீர்கள்? கனடாவின் ஒன்டாரியோவில் இடுப்பு மாற்று பற்றி 2014-ல் வெளியான ஆய்வில், வருடத்துக்கு 35-க்கு மேல் செய்கிறவர்களிடம் மூட்டு நழுவுவதும் மறு ஆபரேஷனும் குறைவாக இருந்தன. என் ஆபரேஷனை நீங்களே செய்வீர்களா, பயிற்சியிலிருப்பவர் செய்வாரா? பயிற்சியிலிருப்பவர் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும். மூத்தவர் பக்கத்தில் நிற்கிறாரா என்று கேட்பதில் தவறில்லை. பழைய நோயாளிகளை எத்தனை வருடம் வரை திரும்ப அழைத்துப் பார்க்கிறீர்கள்? கீழே உட்காருவது, குத்துக்காலிடுவது பற்றி என்ன சொல்கிறீர்கள்? ஆபரேஷனுக்கு முன்பே இதற்கு நேரான பதில் கிடைக்க வேண்டும்.

வீட்டுக்கு வரும்போது ஒன்றை மட்டும் மறக்காமல் கேட்டு வாங்குங்கள். மூட்டு வந்த பெட்டிக்குள் நிறுவனம், அளவு, தயாரிப்பு எண் அச்சிட்ட ஸ்டிக்கர்கள் இருக்கும். மருத்துவமனையின் கேஸ் ஷீட்டில் ஒட்டுவார்கள், காப்பீட்டுக் கோப்பில் ஒட்டுவார்கள். உங்கள் டிஸ்சார்ஜ் சம்மரியிலும் ஒரு செட் ஒட்டித் தரச் சொல்லுங்கள், அல்லது அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்துப் பிள்ளைகளுக்கு அனுப்பிவிடுங்கள். எந்த மூட்டையாவது திரும்பப் பெறுவதாகச் செய்தி வரும் நாளில், உங்கள் முழங்காலுக்குள் இருப்பது அதுதானா என்று அந்த எண்ணைப் பார்த்து ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடலாம்.